துவக்கும் அனுமதிப்பத்திரமும்: கொட்டியாரப்பற்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

துவக்கு வைத்திருத்தல் குடிமக்களின் உரிமையா, அன்றி அரசு தான் விரும்பியவருக்கு அளித்து வேண்டாதபோது மீட்டுக்கொள்ளும் சலுகையா என்ற வினா மேனாட்டு அரசியற் சிந்தனையில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதொன்றாகும். நமது சூழலில் இவ்வினா இந்த வடிவில் எழுப்பப்படுவது அரிது. துவக்கைப் பற்றி நாம் பேசாமலில்லை. ஆனால் அப்பேச்சு ஒன்றில் வீரத்தைப் பற்றியதாக, அன்றேல் இழப்பைப் பற்றியதாக அமைந்துவிடுகின்றது. அதனைக் காணியுறவோடும் வர்க்க நிலையோடும் சட்டத்தோடும் பொருத்தி நோக்கும் முயற்சிகள் மிகக் குறைவு. இக்கட்டுரை அத்தகையதொரு முயற்சியாகும். இதற்கான களமாகத் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரையும், அதனை உள்ளடக்கிய கொட்டியாரப்பற்றையும் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. துவக்கின் உடைமை ஒரு சமூகத்தில் எவ்வாறெல்லாம் கைமாறக்கூடுமோ அவ்வாறெல்லாம் அங்கே கைமாறியிருக்கின்றது. அக்கைமாற்றத்தின் பெரும்பகுதி இன்று உயிரோடிருக்கும் ஒரு தலைமுறையின் நினைவுக்குள்ளேயே நிகழ்ந்துமிருக்கின்றது.

சம்பூர் கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, திருகோணமலை நகரையும் அதன் கடற்படைத் தளத்தையும் நீருக்கு அப்பால் எதிர்நோக்கியவாறு அமைந்த ஊர். போர்த்துக்கேயர் 1624இல் அங்கு கோட்டை எழுப்பியது முதல், ஒல்லாந்தரும் பின்னர் 1795இல் பிரித்தானியரும் அதனைக் கைப்பற்றி, 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை, எதிர்க்கரையின் வரலாறு பீரங்கிகளின் வரலாறாகவே இருந்தது. தென்கரையின் வரலாறு வேறு. சம்பூரைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைக் கவனித்தாலே இது புலப்படும். சேனையூர், கடற்கரைச்சேனை என்பன காடு வெட்டிச் சுட்டுப் பயிரிட்ட வாழ்முறை தன் தடத்தை விட்டுச்சென்ற பெயர்களாகும். சேனைப் பயிருக்குப் பகைவர் பன்றியும் யானையும். இரவு முழுவதும் காவற்பரணில் விழித்திருப்பவனுக்குத் தீப்பந்தமும் கூக்குரலும் போதாதபோது துவக்கு வந்தது. ஆகவே எதிர்க்கரையில் ஆதிக்கத்தின் கருவியாக இருந்த அதே வெடிமருந்து, இக்கரையில் உற்பத்திக் கருவியொன்றின் துணையாக, ஏறத்தாழ மண்வெட்டிக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்டது. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாமல் துவக்குச் சட்டங்களின் போக்கினை விளங்கிக்கொள்ளல் இயலாது.

சொற்களும் இதற்குச் சான்று பகரும். துப்பாக்கி, துவக்கு ஆகிய இரண்டும் துருக்கி மொழி வழிவந்த சொல்லின் திரிபுகள் என்பர். பீரங்கி என்பதோ பரங்கியரின் பெயரையே தாங்கி நிற்பது. வெளியிலிருந்து வந்தவனின் பெயர் பீரங்கியில் அப்படியே ஒட்டிக்கொண்டது. துவக்கோ ஊர்ச் சொல்லாயிற்று. மருந்து, வெடி, சன்னம் என அதனைச் சூழவுள்ள சொற்கள் யாவும் நாட்டார் வழக்கிலிருந்து பெறப்பட்டவை. முன்வாயால் மருந்திட்டு இடித்து நிரப்பும் நாட்டுத் துவக்கினை ‘இடியன்’ என்று மக்கள் அழைக்கும் வழக்கில் அக்கருவியோடு அவர்களுக்கிருந்த நெருக்கம் தொனிக்கின்றது. இலங்கைக் கொல்லர் துவக்கு வார்ப்பதில் அடைந்திருந்த தேர்ச்சியைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியரே வியந்து எழுதியுள்ளனர். துவக்கு நம்மிடம் இல்லாதிருந்து அந்நியரால் கொணரப்பட்டது என்பதோடு கதையை நிறுத்திக்கொள்வது பாதி உண்மையே. கொணரப்பட்டதைச் செய்யவும் நாம் கற்றோம். செய்யும் கைத்தொழில் பின்னர் அழிக்கப்பட்டது என்பதே முழு உண்மை.

இலக்கிய மாணவர்க்கு இக்கொட்டியாரக் குடா வேறொரு வகையிலும் முக்கியமானது. 1659இன் புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பழுதுபார்ப்பதற்காக ஒதுங்கியது இங்கேதான். அதன் தலைவனும் அவனுடைய மகன் றொபேட் நொக்சும் மற்றும் சிலரும் 1660இல் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். போர் எதுவும் நிகழவில்லை. கரையில் இளைப்பாறியிருந்தோர் வளைத்துக்கொள்ளப்பட்டனர், அவ்வளவே. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்ற நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல், டானியல் டீபோவின் ‘றொபின்சன் குருசோ’ (1719) உருவாகத் துணைநின்ற மூலங்களுள் ஒன்றெனத் திறனாய்வாளர் பலர் கருதுவர். நொக்சின் கதையில் துவக்கு அவனைக் காப்பாற்றவில்லை, அவன் கைதி. டீபோவின் கதையிலோ துவக்கே குருசோவை அத்தீவின் அதிபதியாக்குகின்றது. வெள்ளிக்கிழமை என்பவன் அதன் ஓசைக்கே நடுங்குகின்றான். கொட்டியாரத்தில் நிராயுதபாணியாய்ப் பிடிபட்ட ஆங்கிலேயனின் அனுபவம், விரிவடைந்துகொண்டிருந்த வணிக முதலாளித்துவத்தின் கற்பனையில் இவ்வாறு தலைகீழாயிற்று.

இதே குருசோவை எங்கெல்ஸ் தமது ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலில் எடுத்தாண்டுள்ளமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. வன்முறையே வரலாற்றின் அடிப்படை என்றும், குருசோ வாளைக் கையிலேந்தி வெள்ளிக்கிழமையை அடிமைப்படுத்தியதே அதற்கு உதாரணம் என்றும் டூரிங் வாதித்தபோது, அவ்வாள் எங்கிருந்து வந்தது என்று எங்கெல்ஸ் கேட்டார். ஆயுதம் மரத்திற் காய்ப்பதில்லை. அதனைச் செய்யும் உற்பத்திச் சக்திகள் எவர் வசமுள்ளனவோ அவரிடமே வன்முறையின் மேலாண்மையும் இருக்கும் என்பது அவருடைய விடையின் சாரம். கேள்வியை நாம் சற்றே மாற்றிக்கொள்ளலாம். கொட்டியாரப்பற்றின் வயற்காரனிடம் இருந்த துவக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், அது எங்கே போயிற்று என்பதே நமது வினா.

பிரித்தானியர் தம் ஆட்சி நிலைபெற்ற இடங்களிலெல்லாம் உள்ளூராரின் படைக்கலன்களைக் களைவதை முதற்கடமையாகக் கொண்டனர். 1801இல் மருது சகோதரரின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் தென்தமிழகத்துப் பாளையங்களில் கோட்டைகள் இடிக்கப்பட்டு ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. இலங்கையில் 1818இன் ஊவாக் கிளர்ச்சியை அடக்கியபோதும் அவ்வாறே. ஆனால் பறித்தல் ஓர் அவசர நடவடிக்கை; அதனை நிரந்தர நிருவாகமாக்கியது வரியும் அனுமதிப்பத்திரமும்தான். தேசாதிபதி ரொறிங்டனின் 1848ஆம் ஆண்டு வரிகளை நமது பாடநூல்கள் நாய்வரி என்ற வேடிக்கைப் பெயரால் நினைவிற் கொள்கின்றன. அவற்றுள் துவக்குக்கான கட்டணம் இரண்டு சிலிங் ஆறு பென்சு. நாய்க்கு ஒரு சிலிங். நாயும் துவக்கும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமை தற்செயலன்று. இரண்டும் சேனைக் காவலனின் துணைகள். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் உறுதியில்லாத காட்டுநிலத்தை அரசுடைமையாக்கிச் சேனைப் பயிர்ச்செய்கையின் வேரை அறுத்திருந்தது. 1848இன் வரிகள் எஞ்சிய கிளைகளை வெட்டின. சுதந்திரக் குடியானவனைக் கூலி உழைப்பாளனாக்குவதே பெருந்தோட்ட முதலாளித்துவத்தின் தேவையாயிருந்தது. அதே ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சியும், ஆகஸ்ட் 8ஆந் திகதி கண்டியில் புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டமையும் இப்பின்னணியில் நோக்கற்பாலன.

இன்றுவரை திருத்தங்களுடன் நடைமுறையிலுள்ள துவக்குகள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத்தது. அதன் ஆண்டைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டான 1915இல் சிங்கள முஸ்லிம் கலவரங்கள் இடம்பெற்று, இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டு, ஐரோப்பியத் தோட்டத்துரைமார் உள்ளிட்ட சிவிலியர் கைகளில் துவக்குகள் கொடுக்கப்பட்டிருந்தன. கொழும்பு நகரக் காவற்படையின் இளம் அலுவலரான ஹென்றி பேதிரிஸ் யூலை 7ஆந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். ஆயுதந் தாங்குவதற்கு அரசே தெரிந்தெடுத்த படையிலும் தோட்டத்துரைக்கு ஒரு நீதி, சுதேசிக்கு வேறொரு நீதி. இதற்கு மறு ஆண்டில் வந்த சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரி மாவட்டத்தின் அரசாங்க அதிபர். அதாவது காணியையும் வரியையும் கையாளும் அதே கச்சேரி துவக்கையும் கையாண்டது. மேலிருந்து பார்ப்பவருக்கு இது பொதுப் பாதுகாப்பு ஏற்பாடு. கீழிருந்து பார்ப்பவனுக்கோ இது விதானையின் நல்லெண்ணத்தில் தங்கிய விடயம். கச்சேரிக்குக் கிராமத்தில் கண்ணும் காதுமாயிருந்தவர் அவரே. கொட்டியாரப்பற்றிலும் அனுமதிபெற்ற துவக்கு பெரும்பாலும் உடையார், விதானை, பெருநிலக்காரர் வீட்டுச் சுவரிலேயே தொங்கிற்று. அது வேட்டைக்குப் பயன்பட்டதிலும் பார்க்க அந்தஸ்துக்குப் பயன்பட்டது அதிகம். காட்டோரக் கூலிவிவசாயியும், இப்பகுதியின் கரையோர வேடர் வழிவந்தோரும் வைத்திருந்த இடியனோ சட்டத்தின் முன் குற்றப்பொருள். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் அவர்களுடைய வேட்டையும் குற்றமாயிற்று.

அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட ‘காட்டினுள் ஒரு கிராமம்’ என்ற கருத்துப்படும் ஆங்கில நாவல் இவ்வுறவைக் கூர்மையாக உணர்த்துவது. வேட்டைக்காரனான சிலிந்துவுக்குச் சேனை அனுமதி கிடைப்பதும் கிடைக்காததும் தலைமைக்காரனின் மனநிலையைப் பொறுத்தது. ஈற்றில் அவன் தன் துவக்கினால் அத்தலைமைக்காரனையும் கடன்கொடுப்போனையும் சுட்டுவீழ்த்துகின்றான். அனுமதிப்பத்திரங்களில் நாளெல்லாம் கையொப்பமிட்ட அதிகாரியொருவரே, அப்பத்திரங்கள் ஓர் எளிய மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை எழுதினார் என்பது கவனத்துக்குரியது. ஆனால் சிலிந்துவின் வெடியினால் எதுவும் மாறுவதில்லை. கிராமத்தைக் காடு மூடிக்கொள்கின்றது. தனிமனிதன் கையிலுள்ள துவக்கு நீதி வழங்கும் கருவியாகும் என்ற நம்பிக்கைக்கு அந்நாவல் இடந்தரவில்லை. இம்முடிவை நான் முன்னர் குடியேற்றநாட்டு அதிகாரியின் அவநம்பிக்கை என்று கொண்டதுண்டு. இப்போது அவ்வாறு கொள்வதில்லை.

இந்தியாவில் லிட்டன் பிரபுவின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதனைவிட வெளிப்படையானது: இந்தியருக்கு அனுமதி வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்குண்டு. விசுவாசத்தின் கைம்மாறாகக் குடகருக்கும் விலக்கு இருந்தது. அது இன்றும் நீடிக்கின்றது. முழு நாட்டையும் நிராயுதமாக்கிய அச்சட்டத்தைக் காந்தியடிகள் கடுமையாகக் கண்டித்தார் என்பதை அமெரிக்கத் துவக்குப் பிரியர் விருப்போடு எடுத்துக்காட்டுவர். அக்கண்டனம் 1918இல் பிரித்தானியப் படைக்கு ஆட்திரட்டும் வேண்டுகோளின் பகுதியாக எழுந்தது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. உரிமைவாதிகள் தம் மூலமாகக் காட்டும் இங்கிலாந்தின் 1689ஆம் ஆண்டு உரிமைச் சாசனமும் ஆயுதவுரிமையைப் புரட்டஸ்தாந்தருக்கு, அதுவும் அவரவர் நிலைக்குத் தக்கவாறு மாத்திரமே அளித்தது. அமெரிக்க யாப்பின் இரண்டாந் திருத்தம் 1791இல் நிறைவேறியபோது அந்நாட்டின் கறுப்பின அடிமைகள் அதற்குள் அடங்கவில்லை. அடிமைமுறை ஒழிந்தவுடன் 1865, 1866ஆம் ஆண்டுகளில் தென்மாநிலங்கள் இயற்றிய கறுப்புச் சட்டங்கள் விடுதலைபெற்றோர் துவக்கு வைத்திருப்பதைத் தடுத்தன. நூறாண்டுகள் கழித்து, 1967இல், கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் துவக்கேந்தி வீதியில் நின்றபோது, பொதுவிடங்களில் அதனை ஏந்துவதைத் தடைசெய்யும் சட்டத்தில் கையொப்பமிட்டவர் பழமைவாதியான ஆளுநர் றேகன். உரிமை என்று பேசப்படும் இடத்திலும் சலுகை என்று பேசப்படும் இடத்திலும் வரையறுக்கப்படுவது ஒன்றுதான்: எவர் கையில் துவக்கு இருப்பதை ஆளும் வர்க்கம் தனக்கு ஆபத்தில்லை என்று கருதுகின்றது என்பதே அது.

கொட்டியாரப்பற்றுக்கு மீள்வோம். சுதந்திரத்தின் பின் 1950களில் அல்லைக் குடியேற்றத்திட்டம் இப்பற்றின் தென்பாகத்தை மாற்றியமைத்தது. நீர்ப்பாசனத்தோடு வந்த குடியேற்றத்தால் குடிப்பரம்பலும் மாறி, 1976இன் தொகுதி மீள்நிர்ணயத்தில் சேருவில என்ற தனித்தொகுதி உருவாகிற்று. காணியற்ற சிங்கள விவசாயிக்குக் காணி வழங்கியதை எந்த முற்போக்குவாதியும் தவறெனக் கூறமாட்டான். ஆனால் காணிக்கான வர்க்கக் கோரிக்கை இனவிகிதாசாரத்தை மாற்றும் கருவியாக்கப்பட்டதும், அவ்விவசாயியே எல்லைக் காவலனாக மாற்றப்பட்டதும் வேறு விடயம். 1971 ஏப்பிரிலில் தென்னிலங்கை இளைஞர் கிளர்ச்சி செய்தபோது, அவர்களது ஆயுதங்களுட் கணிசமானவை ஊர்வீடுகளிலிருந்து திரட்டப்பட்ட சொட்கன் துவக்குகளும் கைக்குண்டுகளுமே. அன்று அரசு கற்ற பாடம், குடிமக்களின் துவக்கு ஆபத்தானது என்பது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அதே அரசு கிழக்கின் எல்லையூர்களில் அதே வகைத் துவக்குகளைக் குடிமக்களுக்குத் தன் கையாலேயே பகிர்ந்தளித்தது. ஊர்காவற்படை என அறியப்பட்ட அவ்வமைப்புக்கு 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் ஆதாரமாயிற்று. முதலிற் சிங்கள ஊர்களிலும், பின்னர் 1990ஐ அடுத்து முஸ்லிம் ஊர்களிலும் துவக்குகள் வந்தன. அதே காலத்தில் தமிழ் ஊர்களின் அனுமதிபெற்ற துவக்குகளை ஒருபுறம் பொலிசார் மீளப்பெற்றனர்; மறுபுறம் இயக்கங்கள் இரவில் வந்து சேகரித்துச் சென்றன. வேலியின் ஒரு புறத்தில் துவக்கு வைத்திருப்பது கடமையாகவும் மறுபுறத்தில் அதனை வைத்திருப்பது பயங்கரவாதமாகவும் ஆயிற்று. அவ்வேலிக்கு இருபுறமும் இருந்தவர் ஒரே வாய்க்காலின் நீரில் வயல் செய்தவர் என்பதை மறத்தலாகாது.

1996இல் துவக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அதே ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி, கிளிவெட்டியை அடுத்த குமாரபுரத்தில் இருபத்து நான்கு தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். படையினரோடு அயலூர் ஊர்காவற்படையினரும் வந்ததாகத் தப்பியோர் கூறினர். வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, இருபதாண்டுகள் கழித்து, 2016 யூலையில், எதிரிகளான முன்னாட் படையினர் அறுவரும் ஜூரர் தீர்ப்பின்படி விடுதலை செய்யப்பட்டனர். அனுமதியற்ற இடியனுக்குச் சிறை விதிக்கும் சட்டம், அரசு கொடுத்த துவக்கின் வாயிலிருந்து புறப்பட்ட சன்னத்துக்குக் கணக்குக் கேட்கவில்லை. இதற்கு முந்திய ஆண்டு மேயில் இம்மாவட்டத்தின் வடபாகத்தில் கல்லராவ என்ற மீனவர் ஊரில் நாற்பத்திரண்டு சிங்களப் பொதுமக்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டதையும் இங்கு பதிவுசெய்தல் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவன் வரலாற்று மாணவனல்லன். அதற்கும் எவரும் கணக்குக் கொடுக்கவில்லை.

இனி நம்மவரைப் பற்றிய பகுதி. இதனை எழுதுதல் எளிதன்று. 1850 மார்ச்சில் மார்க்சும் எங்கெல்சும் பொதுவுடைமையாளர் சங்கத்துக்கு விடுத்த அறிக்கையில், தொழிலாளர் எக்காரணங்கொண்டும் ஆயுதங்களைக் கையளிக்கக் கூடாது என வற்புறுத்தியுள்ளமை நாமறிந்ததே. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் இடதுசாரி இளைஞரிடையே இக்கருத்து மந்திரம்போல் ஓதப்பட்டது. ஆனால் அவ்வறிக்கை அதே இடத்தில் இன்னொன்றையும் கூறுகின்றது. தொழிலாளர் காவற்படையின் தலைவர்களைத் தொழிலாளரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அது. முதற்பகுதியை மனனஞ் செய்தோர் இரண்டாம் பகுதியை மறந்தனர். வட கிழக்கில் துவக்கேந்திய எந்த இயக்கத்தின் தளபதியையும் எந்த விவசாயியும் மீனவனும் தேர்ந்தெடுத்ததில்லை. 1986இல் ஓர் இயக்கம் மற்றோர் இயக்கத்தை வீதியில் வைத்து அழித்தபோது, துவக்கு மக்களுடையதா என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. அதன்பின் சம்பூர் போன்ற ஊர்களில் அனுமதி வழங்கும் அதிகாரி மாறினாரேயன்றி அனுமதி முறை மாறவில்லை. கச்சேரியின் பத்திரத்தில் முத்திரையாவது இருந்தது. மேன்முறையீடு செய்ய ஒரு முகவரியாவது இருந்தது. புதிய அதிகாரத்தில் அவையும் இல்லை. பாடசாலை செல்லும் வயதினரிடம் துவக்கு கொடுக்கப்பட்டது. அதனை வேண்டாமென்று கூறும் உரிமை அவர்களின் தாய்மாருக்கு இருக்கவில்லை. துவக்கு வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசுவோர், துவக்கு வைத்திருக்காமல் இருக்கும் உரிமையைப் பற்றியும் பேச வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

உடன்படிக்கைகளின் வாசகங்கள் இவ்வகையில் படிப்பினை மிக்கவை. 1987 யூலை 29இன் இந்திய இலங்கை ஒப்பந்தம், ஆயுதக் குழுக்கள் எழுபத்திரண்டு மணித்தியாலங்களுக்குள் ஆயுதங்களைக் கையளிக்க வேண்டுமென்றது. அதன் இணைப்பு ஊர்காவற்படை கலைக்கப்படும் என்றது. முன்னது ஒரு சடங்காக நிகழ்ந்து முறிந்தது, பின்னது நிலைக்கவில்லை. 2002 பெப்ரவரியின் போர்நிறுத்த உடன்படிக்கை, தமிழ்த் துணைப்படைகளின் ஆயுதங்களை முப்பது நாட்களுக்குள் அரசு களைய வேண்டுமென்றது. அதுவும் எழுத்தளவில் நின்றது. ஒவ்வொரு தடவையும் களையப்பட வேண்டிய துவக்கு மற்றவனுடையதாகவே இருந்தது. தன் துவக்கை எத்தரப்பும் பேச்சுப் பொருளாக்கவில்லை. ஊர்காவற்படையோ 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாகப் பெயர் மாறி நிரந்தரமாயிற்று.

அதே 2006இல் நிகழ்ந்தவை சம்பூரின் வாழ்வை அடியோடு பெயர்த்தன. யூலையில் மாவிலாற்று அணை மூடப்பட்டது; ஆகஸ்டில் மூதூரிற் போர் மூண்டு முஸ்லிம் மக்கள் ஊரைவிட்டு ஓடினர்; அங்கே தொண்டு நிறுவனப் பணியாளர் பதினேழு பேர் தம் அலுவலக வளவில் வைத்துக் கொல்லப்பட்டனர்; செப்டெம்பர் 4ஆந் திகதி சம்பூர் இராணுவத்தின் வசமாயிற்று. எதிர்க்கரைத் துறைமுகத்தைப் புலிகளின் பீரங்கிகள் எட்டக்கூடிய தொலைவில் அவ்வூர் இருந்தமையே அதன் குற்றம். மக்கள் திரும்ப முடியவில்லை. 2007 மேயில் அது உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பின்னர் அனல்மின் நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் கடற்படை முகாமுக்கும் காணி ஒதுக்கப்பட்டது. துவக்கு முதலில் ஊரைக் காலிசெய்தது. பின் மூலதனம் அந்த வெறுமையை நாடி வந்தது. எங்கெல்ஸ் வலியுறுத்திய பொருளாதார அடிப்படை இங்கே வரிசை மாறித் தோன்றுவதாகச் சிலர் கூறக்கூடும். என் எண்ணத்தில் வரிசை மாறவில்லை. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தின் அதே தர்க்கமே வேறு சீருடையில் வந்தது. கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் ஒன்பது பத்து ஆண்டுகள் கழித்தபின், நீடித்த போராட்டத்தின் பயனாக, 2015இல் 818 ஏக்கரும் 2016இல் கடற்படை வசமிருந்த காணியும் விடுவிக்கப்பட்டன. அனல்மின் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. 2025 யூலையில், கண்ணிவெடி அகற்றும் பணியின்போது சம்பூர்க் கரையோரத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நிலம் இன்னும் முழுவதும் பேசி முடிக்கவில்லை.

திரும்பியவர்களை வரவேற்றது காடு. பத்தாண்டு ஆளற்றுக் கிடந்த காணிகளில் பற்றை மண்டியிருந்தது. பன்றியும் யானையும் பழகிவிட்டிருந்தன. ஆக, வரலாறு தொடங்கிய இடத்துக்கே, காவற்பரணுக்கே, வந்து நிற்கின்றது. இலங்கையில் பயிர்ப் பாதுகாப்புக்கெனச் சொட்கன் துவக்குக்கு அனுமதி பெற இன்றும் வழியுண்டு. ஆனால் நாற்பதாண்டுகள் சந்தேகத்துக்குரியவனாகவே பதிவேடுகளில் வாழ்ந்த ஒருவன் அவ்விண்ணப்பத்தோடு எந்தப் படியில் ஏறுவான்? அனுமதித் துவக்கு எட்டாத இடங்களில் வேறு பொருள்கள் நுழைகின்றன. கட்டுத்துவக்கு, உணவுக்குள் மறைத்து வைக்கும் வெடி, வேலியில் களவாகப் பாய்ச்சும் மின்சாரம் ஆகியன நாட்டின் பல பாகங்களிலும் யானைகளையும் மனிதரையும் வேறுபாடின்றிக் கொன்று வருகின்றன. 2025 மார்ச் 15ஆந் திகதி குரங்கு, மயில் முதலான பயிரழிக்கும் விலங்குகளை நாடுமுழுவதும் ஐந்து நிமிட நேரத்தில் எண்ணிப்பார்க்கும் முயற்சியொன்று இடம்பெற்றது. பலர் அதனை நகைத்தனர். எனக்கு அதில் நகைப்பு எழவில்லை. விவசாயியின் இரவைப் பற்றி அரசு கேட்ட அரிய சந்தர்ப்பங்களுள் அதுவும் ஒன்று. அதற்கு முந்திய ஆண்டு, 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளை மீளக் கையளிக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கோரிற்று. அவ்வகைத் துவக்குகள் காலங்காலமாக அரசியல்வாதிகளையும் செல்வரையும் சென்றடைந்தவை என்பதால் அந்நடவடிக்கையை வரவேற்கவே வேண்டும்.

என் நிலைப்பாட்டை ஒளிக்க வேண்டியதில்லை. துவக்கு வைத்திருத்தல் பிறப்புரிமை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கொட்டியாரப்பற்றின் அனுபவத்துக்குப் பின்னரும் அதனை ஏற்பவர் அங்கு வாழாதவராகவே இருப்பர். கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கட்டும். ஆனால் வாங்குபவனை மட்டுங் கட்டுப்படுத்திக் கொடுப்பவனைக் கட்டுப்படுத்தாத சட்டம் கட்டுப்பாடன்று. அது பக்கச்சார்பான ஆயுதவிநியோகத்தின் மறுபெயர். 1985 முதல் குடிமக்களுக்குப் பகிரப்பட்ட துவக்குகள் எத்தனை, எந்த ஊர்களுக்கு, எத்தனை திரும்பின என்ற பதிவேடு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பயிர்ப் பாதுகாப்புத் துவக்கைத் தனிமனிதன் வீட்டுச் சுவரிலிருந்து எடுத்து, விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் கமக்காரர் அமைப்பின் பொறுப்பில், மூவினத்தவரும் கூட்டாகக் கணக்குக் காட்டும் பொருளாக வைக்கலாம். இது நடைமுறைக்கு ஒவ்வாதென்பார் உளர். நீர்ப்பங்கீட்டை வட்டவிதானையின் கீழ்க் கூட்டாக நடத்திப் பழகிய சமூகத்துக்கு இது அப்படியொன்றும் அந்நியமானதன்று.

சம்பூரை அடுத்த ஊரொன்றில் முதிய விவசாயியொருவர் தம் துவக்குப் புத்தகத்தை எனக்குக் காட்டினார். கரையான் அரித்த ஓரங்களுக்குள் ஆண்டுதோறும் புதுப்பித்த முத்திரைகள் எண்பதுகளின் நடுப்பகுதியோடு நின்றுவிடுகின்றன. அவ்வாண்டு துவக்கைக் கொண்டுவந்து ஒப்படைக்குமாறு ஓர் அலுவலகத்திலிருந்து கட்டளை வந்ததாகவும், தாம் நேரிற் சென்று கொடுத்ததாகவும், பற்றுச்சீட்டு எதுவும் தரப்படவில்லை என்றும் கூறினார். “துவக்கு போயிற்று தம்பி, புத்தகம் மட்டும் கிடக்கு” என்றார். நான்கு இடப்பெயர்வுகளிலும் காணியுறுதியோடு அதனையும் மடித்துச் சீலைப்பைக்குள் வைத்துக் கொண்டுதிரிந்திருக்கிறார். அண்மையில் புதிய அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சென்றபோது, பழைய துவக்கு என்னவாயிற்று என்பதற்கு அத்தாட்சி கேட்டார்களாம். வேளாண்மை குடலைப் பருவத்தில் இருந்தது. அன்றிரவும் அவர் யானை வெடியும் வெறுந் தகரமும் எடுத்துக்கொண்டு பரணுக்குப் போனார்.